நான் சிரிக்கவில்லை என்று கண்டுபிடித்தவனுக்கு

கண்ணு,

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு மகனுக்குக் கடுதாசி எழுதுகிறாரே, இந்த ஆளுக்கு மூளை இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். வாயில் சொன்னால் பாதியில் ஏதாவது ஒரு வார்த்தை எனக்கு ஒளிந்துகொள்கிறது. நான் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் நீ "செரி விடுங்கப்பா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாய். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. வார்த்தை வருகிற வரைக்கும் ஒரு டீ குடிக்கலாம், ரேடியோவைத் திருகலாம், உங்கம்மாவை வம்புக்கு இழுக்கலாம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கையும் நடுங்குகிறது. எழுத்து கோழி கிண்டின குப்பை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். இதை ஒட்டாமல் டிவி மேலேயே வைக்கப் போகிறேன். உங்கம்மா படிக்கட்டும், உன் அத்தை படிக்கட்டும், உன் மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கட்டும். இதில் உனக்குத் தெரியாமல் இருப்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

புனாவிலிருந்து உனக்கு வேலை ஆர்டர் வந்து அலமாரியில் கிடக்கிறது. நீ போகப் போவதில்லை என்று உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், அதனால் அழுகிறாளா வெங்காயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அப்பாவுக்கு மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த ஊட்டுல யாருக்கும்மா தெரியும்? எல்லாரும் சிரிச்சுட்டு நிப்பீங்க" என்று நீ சொன்னாயாம். சொன்னது நெசம். எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். அதற்காக நீ வேலையை விட வேண்டுமா என்பதுதான் பேச்சு. அதைப் பேசுவதற்கு எனக்கு என்ன வந்தது, எப்படி வந்தது, அது மறுபடி வருமா என்பதை முதலில் இருந்து சொல்ல வேண்டும். நீ டிப்ளமோ படித்தவன், உனக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைக்கிறாய். தெரிந்திருந்தால் இப்படிப் பயப்பட மாட்டாய்.

அந்த ஐப்பசி மழை உனக்கு ஞாபகம் இருக்கும். குளத்துக்குக் கீழே நெல்வயலில் ஒரு கவுண்டருக்கு மோட்டார் புகைந்துபோய்விட்டது. நானே போய்க் கழற்றி நம் பட்டறைக்குக் கொண்டுவருகிறேன் என்று பொழுது சாயும் நேரத்தில் போனேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர். வயல் முழுக்கக் கொக்கு. வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் நாலைந்து பன்றிகள் சுகமாகப் படுத்திருந்தன. கொசு என்றால் கொசு, கையில் ஸ்பேனர் இருந்ததால் அடிக்க முடியவில்லை, வாயால் ஊதிக்கொண்டே போல்ட்டைக் கழற்றினேன். அன்றைக்குக் கடித்ததுதானா, அதற்கு முந்தின வாரம் கடித்ததா, எந்தக் கொசு என்று கேட்டால் நான் அடையாளம் காட்டவா முடியும்? பின்னால் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சொன்னதை வைத்துப் பார்த்தால் அங்கேதான் வாங்கியிருக்க வேண்டும். அந்த விஷக்கிருமி கொக்கிலும் பன்றியிலும் குடியிருக்கிறதாம். அதுகளுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. நெல்வயல் தண்ணீரில் பிறக்கிற கொசு அதுகளைக் கடித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் நம்மைக் கடிக்கும்போது எச்சிலோடு சேர்த்து உள்ளே விட்டுவிடுகிறது.

இதைக் கேட்டதும் உன் மாமா, அதாவது என் கடைசித் தங்கச்சி புருசன், வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "அந்தப் பன்னி வளக்கறவனை நாலு சாத்துச் சாத்திப்போட்டு வாரேனுங்க" என்றார். டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் வாய் பெரிசு. "கொக்கை யாருங்க அடிப்பீங்க? நெல்லு நட்டவரை யாருங்க அடிப்பீங்க? சோறு திங்காம இருந்துக்குவீங்களா?" என்று கேட்டார். மாமா வேட்டியை இறக்கி விட்டுவிட்டார். எங்கேயாவது காய்ச்சல் வந்தால் உடனே ஒரு ஆளைத் தேடிப் பழி போடாதே கண்ணு. கிருமிக்கு யார் மேலும் பகை கிடையாது.

கடித்தவுடனே ஒன்றும் தெரியாது. ஒரு வாரமோ ரெண்டு வாரமோ நாம் பாட்டுக்கு இட்லி தின்றுகொண்டிருப்போம், அது உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். முதலில் கடித்த இடத்துத் தோலுக்குள், அப்புறம் நெறி கட்டுமே அந்த இடங்களில், அப்புறம் ரத்தத்தில். பெரும்பாலான ஆட்களுக்கு அங்கேயே உடம்பு அதை அடித்துத் துரத்திவிடுகிறது, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் அது மூளைக்குள் நுழைகிறது. நம் மோட்டாரில் சுற்றின கம்பிக் காயிலுக்கு வார்னிஷ் போடுகிறோமே, அது மாதிரி மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் நெருக்கமான ஒரு காப்பு இருக்கிறதாம். கண்டது கடியது உள்ளே போகாமல் அது தடுக்கும். அந்தக் காப்பு எங்கேயோ விட்டுக்கொடுத்தால் கிருமி உள்ளே போய் நரம்புக்குள் உட்கார்ந்துகொள்கிறது. அதைத் துரத்த வருகிற நம் உடம்பு ஆட்களும் சும்மா வருவதில்லை, வீட்டுக்குள் திருடனைப் பிடிக்கப் போய்ச் சாமானையெல்லாம் உடைக்கிறார்கள். மூளை வீங்குகிறது. கை கால் வீங்கினால் வெளியே வீங்கும், மண்டைக்குள் வீங்கினால் எங்கே போகும்? மூடி இறுக்கின டப்பாவுக்குள் பொங்கின மாவு மாதிரி தனக்குத் தானே நசுங்கும். காய்ச்சல், மண்டையிடி, வாந்தி, கழுத்து விறைப்பு, அப்புறம் ஆள் தடம் மாறிப் பேசுவது, வலிப்பு, மயக்கம்.

"இது அதிகமா கொழந்தைகளுக்கு வர்ற காய்ச்சலுங்க ஐயா. பெரியவங்களுக்கும் வரும், அபூர்வம்" என்று டாக்டரம்மா சொன்னார். உங்கம்மா உடனே, "அப்பச் செரியாத்தானுங்க வந்திருக்குது" என்றாள். ஜப்பான் காய்ச்சல் என்று அதற்குப் பெயராம். ஜப்பானுக்கும் சிங்காநல்லூருக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனி வெள்ளகோவில் கதை. இதை நான் சொல்வதே தப்பு, என் உடம்பு அங்கே இருந்ததே தவிர நான் அங்கே இல்லை. எனக்கு ஞாபகம் இருப்பது வேனில் ஏறினது, தலை விண்விண் என்று தெறித்தது, ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தினது, அவ்வளவுதான். மீதியெல்லாம் உங்கம்மா, உன் அத்தை, உன் மாமா ஆளுக்கு ஒரு தினுசாகச் சொன்னதை வைத்து நான் ஒட்டுப் போட்டது. அத்தைக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்த பெண்ணுக்குக் காதுகுத்து. மாமா வீட்டுக் குலதெய்வக் கோவில் அங்கேதான். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்துக் குத்த வேண்டும், நான்தான் தாய்மாமன். காய்ச்சல் அடித்தாலும் நான் போயாக வேண்டும், இல்லாவிட்டால் என் தங்கச்சி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசின பிள்ளையை என் மடியில் வைத்தார்களாம். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்துத் தயாராக நின்றாராம். நான் பிள்ளையைக் குனிந்து பார்த்து, "ஏனுங்க, இது யாரு கொழந்தைங்க?" என்று கேட்டேனாம்.

கோவிலே சிரித்ததாம். மாமா மட்டும் விடுவாரா? "பாத்தீங்களா, சீர் கொண்டார மனசில்லாம மருமகளையே தெரியாதுங்கறாரு!" என்றாராம். இன்னும் சிரிப்பு. நான் மறுபடியும், "தப்பா என்ற மடியில வச்சுட்டீங்க, எடுத்துக்கங்க" என்றேனாம். ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது என்று அத்தை சொல்கிறாள். என் பேர் அப்படி. சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவேன். அதனால் நான் என்ன சொன்னாலும் விளையாட்டு என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். உங்கம்மாவும்தான். "போதுங்க, ஆசாரி காத்துட்டு நிக்கறாரு" என்று என் தோளில் தட்டினாளாம். அவர்கள் மேல் எனக்குத் துளி வருத்தம் இல்லை. நான் அந்தப் பக்கம் நின்றிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

நீ பந்தி இலை போடுகிற இடத்திலிருந்து வந்தாயாம். இலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு நேராக என் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, என்ற பேரென்ன சொல்லுங்க?" என்றாயாம். நான் "மூணு பேஸ்" என்று மோட்டார்க் கரண்டின் பேரைச் சொன்னேனாம். மோட்டார் வைண்டிங் கடைக்காரன் மகனுக்கு அப்பன் வைத்த பேரைப் பார் என்று அதற்கும் சிரிப்பு. நீ எழுந்து கத்தினாயாம். "யாரும் சிரிக்காதீங்க! அப்பா சிரிக்கலே பாருங்க. எங்கப்பா ஜோக்குச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவரே சிரிச்சுக் கெடுத்துப்போடுவாரு. இப்பச் சிரிக்கவே இல்லே!"

பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கினது நீ. என் தாடையைப் பிடித்துக் குனிய வைத்துப் பார்த்தாயாம், கழுத்து கட்டை மாதிரி நின்றதாம். அதற்குள் நான் வாந்தி எடுத்துவிட்டேன். மாமா கொஞ்ச நேரம் தயங்கியிருக்கிறார். பாதியில் தாய்மாமன் எழுந்து போனால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். "அப்ப வேற யாராச்சும் மாமன் உக்காருங்க, இவரு என்ற அப்பா" என்றாயாம். என் சித்தப்பா மகன் மடியில் வைத்துத்தான் அப்புறம் குத்தினார்கள். காது ரெண்டும் நன்றாகத்தான் இருக்கிறது, தோடு ஆடுகிறது, போன வாரம்கூட அந்தக் கழுதை என் மீசையைப் பிடித்து இழுத்தது.

வேனில் போகும்போது காங்கயம் தாண்டுவதற்குள் எனக்கு வலிப்பு வந்துவிட்டது. கையில் இரும்பு கொடு, இரும்பு கொடு என்று டிரைவர் டூல்ஸ் பெட்டியில் இருந்த ஸ்பேனரையெல்லாம் என் கையில் திணித்தாராம். மயக்கத்தில் கிடக்கிறவனிடமும் வேலை வாங்கப் பார்த்திருக்கிறார்கள்! அப்புறம் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தது, ரத்தம் எடுத்தது, குளுகோஸ் பாட்டில், இதெல்லாம் நீதான் பார்த்தாய். அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாதாம். காய்ச்சலைக் குறைத்து, வலிப்பை நிறுத்தி, வீக்கத்தை வடிய வைத்து, உடம்பே ஜெயிக்கிற வரைக்கும் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் வைத்தியமாம். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிடித்து வைக்க முடிந்தது என்று டாக்டரம்மா என்னிடமே சொன்னார். அதாவது நீ கொண்டுவந்ததால். இதை நான் உன்னிடம் நேராக ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் கேலிதான் வருகிறது. இங்கே எழுதிவிட்டேன், கூச்சமாக இருக்கிறது, அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

கண் விழித்தபோது உங்கம்மாவைப் பார்த்து "அக்கா, தண்ணி" என்றேன். டம்ளரைச் சாவி என்றேன். வலது கை ஒரு சொல் கேட்கவில்லை. தலைமுடி மாதிரி இருக்கிற செம்புக் கம்பியைச் சுற்றின விரல், சட்டைப் பித்தானைப் பிடிக்கத் தெரியாமல் நின்றது. நீ பொறுமையாக ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டிப் பேர் சொல்லிக் கொடுத்தாய். நான் அகப்பையைப் பார்த்து "உங்கம்மா ஆயுதம்" என்று சொன்ன அன்றைக்கு, அவர் தேறிவிட்டார் என்று நீ வெளியே போய் நின்று அழுதாய். எனக்குத் தெரியும், ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மணி மட்டும் கொஞ்ச நாள் என் டம்ளரைத் தனியாக வைத்தாள். "இவரைக் கடிச்ச கொசு எங்களைக் கடிச்சா ஒட்டிக்காதுங்களா?" என்று வாசலில் நின்று கேட்டாள். ஒட்டாது. ஆள் விட்டு ஆள் தொற்றாது. நம் ரத்தத்தில் இருக்கிற கிருமி அடுத்த கொசுவுக்கு ஏறுகிற அளவுக்கு இருக்காதாம். "நான் கடைசி ஸ்டாப்புங்க அம்மணி, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு மாதிரி. இதுக்கு மேல வண்டி போகாது, எல்லாரும் எறங்கிக்க வேண்டியதுதான்" என்றேன். அடுத்த நாள் பூரிக்கிழங்கு அனுப்பிவிட்டாள்.

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். ஒரு தரம் வந்து போனவனுக்கு அந்தக் காய்ச்சல் மறுபடி வராது, உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னதை நீயும்தான் கேட்டாய். உன் காதில் ஏறவில்லை. அன்றைக்கு இருந்த நிலைமையில் ஏறாது. ஆனால் வலிப்பு வரலாம், வராமலும் இருக்கலாம். மூளையில் ஆறின புண் இருக்கிறது, அது எப்போதாவது துள்ளும். மாத்திரையை நிறுத்தக்கூடாது. இதில் உனக்கு நான் பொய்த் தைரியம் சொல்லப் போவதில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. நீ புனாவுக்கு இண்டர்வியூவுக்குப் போயிருந்தபோது எனக்கு ஒரு தரம் வந்தது. பட்டறையில், காலையில், மோட்டாரை டெஸ்ட் போர்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். உங்கம்மா டிபன் கொண்டுவந்தவள் பார்த்தாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். என்னைக் கீழே ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். சட்டைப் பித்தானைத் தளர்த்தி, தலைக்கு அடியில் கை துடைக்கிற காட்டன் வேஸ்ட்டை மடித்து வைத்தாள். உன் மாமா ஓடி வந்தவர் பழக்க தோசத்தில் சாவிக்கொத்தை எடுத்திருக்கிறார். "அதை உங்க இடுப்புலயே வெச்சுக்கங்க! வாயிலயும் ஒண்ணும் வெக்காதீங்க, தள்ளி நின்னு காத்து உடுங்க" என்று உங்கம்மா போட்ட சத்தத்தில் மாமா ரோட்டுக்கே போய்விட்டாராம். அடங்கினதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், மாத்திரை அளவைக் கூட்டினார்கள், சாயந்திரம் வந்துவிட்டோம். அன்றைக்கு ராத்திரி நீ எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாயே, "எல்லாம் சௌக்கியந்தான் சாமி, நீ நல்லாப் பதில் சொன்னியா?" என்று உங்கம்மா கேட்டாளே, அதே நாள்தான். குரலில் ஏதாவது நடுக்கம் தெரிந்ததா? எனக்குக்கூடத் தெரியவில்லை. நான் சொன்னது ஜோக்கு இல்லை என்று உனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்த மாதிரி, எனக்கு வருவதைப் பார்த்துக்கொள்ள அவளுக்கும் தெரிந்துவிட்டது கண்ணு. ஒரு வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் தெரியும் என்று எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை.

என் விரல் போனதிலிருந்து நீ சுற்றுகிற வைண்டிங்குக்கு இனி என்ன செய்வீர்கள் என்று கேட்பாய். பீளமேட்டில் பம்பு கம்பெனியில் வேலை பார்த்த ஒரு அம்மணி வருகிற மாசத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். விரல் வேகம் உன்னுடையதை விட ஒரு படி மேலே, சொன்னால் உனக்குப் பொறுக்காது. நான் கழற்றுவேன், பூட்டுவேன், டெஸ்ட் பண்ணுவேன், வருகிறவர்களிடம் வம்பு பேசுவேன். கடைக்கு அதுதானே முக்கியம்.

நீ இங்கே இருந்தால் எனக்குச் சந்தோசம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நீ இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஏதாவது சொன்னால் சிரிப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கிறாய். சரியாகத்தான் பேசுகிறாரா என்று சோதிக்கிறாய். அப்புறம் சிரிக்கிறாய். ஜோக்கு அதற்குள் ஆறிப்போய்விடுகிறது. ஒரு மகன் அப்பனுக்குக் காவல்காரனாகவே இருந்தால் ரெண்டு பேருக்கும் வயசு சீக்கிரம் ஆகிவிடும். போய் நாலு புது ஆட்களோடு சண்டை போடு, அவர்கள் பாஷையில் திட்டு வாங்கு, சப்பாத்தி தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள். பொழுது சாய்ந்தால் முழுக்கைச் சட்டை போடு, கொசுவலை கட்டிப் படு, கூட வேலை செய்கிற யாருக்காவது காய்ச்சலோடு பேச்சு மாறினால் அன்றைக்கு என்னைப் பார்த்த மாதிரியே பார்.

நேற்று நானும் உங்கம்மாவும் ஜங்ஷனுக்குப் போய் வந்தோம். சினிமாவுக்கு என்று உன்னிடம் சொன்னது பொய். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ரிசர்வேஷன் வரிசையில் நான்தான் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் நான் எழுதிக் கொடுத்த பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்துப் புரியலீங்களே. எந்த ஊருக்குங்க?" என்றார். எனக்கு ஊர்ப் பேர் வரவில்லை. வாய்க்குள் என்னென்னவோ வருகிறது, அது மட்டும் வரவில்லை. பின்னால் ஒருத்தர் "சீக்கிரமுங்க" என்றார். பெஞ்சில் உங்கம்மா எழுந்துவிட்டாள். நான் கையைக் காட்டி உட்கார் என்றேன். அப்புறம் "புனா" என்று வந்தது. கூடவே "பையன் வேலைக்குப் போறானுங்க" என்பதும் தானாக வந்தது. அவர் தட்டிக்கொண்டே, "எத்தனை பேருங்க?" என்றார். "ஒரே ஆளுங்க."

"திரும்பி வாரதுக்கும் இப்பவே போட்டுரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. அதை அவனே போட்டுக்குவான்."

உன் அப்பன்